எட்டிப் பாக்காத ஊரு

மாறக்காடன் எங்க ஊருக்கு வந்தது ஆவணி மாசம் ரெண்டாவது வியாழக்கெழமை, காலையில பதினோரு மணி இருக்கும். எப்படி வந்தாருன்னு வெளியூர்க்காரங்க இன்னமும் கேக்கறாங்க. டவுன் பஸ்ஸுலதான் வந்தாரு, டிக்கெட்டுக்குப் பதிலா கண்டக்டருக்கு ஒரு கை உப்புக் குடுத்திருக்காரு, கண்டக்டரும் அதைக் காயிதத்துல மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, அதுக்கு மேல அந்த விசயத்துல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. நேரா என்ற பேக்கரிக்குள்ள வந்தாரு, கண்ணாடிப் பொட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு, "இதென்னங்க?"ன்னாரு.

"தேங்காப் பன்னுங்க."

"இனிப்புங்களா?"

"இனிப்புதானுங்க."

நாலு தின்னாரு. இடது காது பாதியில கிழிஞ்சிருந்துச்சு, தோளுல நுகத்தடி உரசுன தழும்பு, முழங்கை வரைக்கும் உப்புப் பூத்திருந்துச்சு. நாலாவது பன்னுலதான் எனக்கு ஆளு யாருன்னு புரிஞ்சுது. மூணு வருசமா ஞாயித்துக்கெழமையானா என்ற கடை மாடியில விசாலக்கா வாயால பேசிட்டிருந்த ஆளு இவரு, இப்ப சொந்த வாயால பேசறாரு, அவ்வளவுதான். போன ஞாயித்துக்கெழமை வரைக்கும் கோடு போட்ட தாள்ல ஒரு பக்கமா இருந்தவருக்கு நான் டீ வேணுங்களான்னு கேட்டேன். வேணும்னாரு.

அந்த ஆட்டத்தைப் பத்திச் சொல்லாம மேல போக முடியாது. கடை மாடியில மைதா மூட்டை அடுக்குற ரூமுல ஒரு பழைய மேசை கெடக்குது, அதைச் சுத்தி நாலு பேரு, ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்தா ஆறு மணிக்குத்தான் எந்திரிப்பாங்க. கரண்ட் ஆபீசுல மீட்டர் கணக்கெடுக்கற வெள்ளிங்கிரியண்ணந்தான் கதை நடத்துறவரு. அவரு தங்கச்சி மகன் வெளிநாடு போகயில ஒரு தடிப் புஸ்தகத்தை வீட்டுல போட்டுட்டுப் போயிட்டான், அதைப் படிச்சுட்டு, அதுல இருந்த கோட்டையையும் பறக்கற பாம்பையும் தூக்கிக் கடாசிட்டு, உப்பு வண்டி, சந்தை, வழிப்பறி, ஆறுன்னு நமக்குத் தோதா மாத்தி எழுதினாரு. மத்த மூணு பேரும் ஆளுக்கொரு ஆளைத் தாள்ல எழுதிக்கோணும், பேரென்ன, பலமென்ன, பயமென்ன, என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு. அப்பறம் அந்த ஆளாவே பேசி, அந்த ஆளாவே முடிவெடுத்து, இருவது மொகம் வெச்ச பகடையை உருட்டிக் கதைக்குள்ள நடந்து போகோணும். சூதாட்டம் நடக்குதான்னு விசாரிக்க ஒரு போலீஸ்காரரு வந்தாரு, ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு, அந்தத் திருடன் தப்பிச்சானா இல்லையான்னு அடுத்த வாரமும் வந்து கேட்டுட்டுப் போனாரு.

ஆட்டத்துல ஒரே ஒரு ரூலுதான் உசுரு. ஆடறவங்களுக்குத் தெரியற விசயம் ஆளுக்குத் தெரியக்கூடாது. பொட்டிக்குள்ள விசம் இருக்குன்னு வெள்ளிங்கிரியண்ணன் எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போடுவாரு, செல்போன் ரிப்பேர் பண்ற பரீதுக்கு அது நல்லாத் தெரியும், ஆனா பரீது ஆடற திருடனுக்குத் தெரியாது, அதனால திருடன் சந்தோசமாப் பொட்டியைத் தொறந்தே ஆகோணும். பயந்துக்கிட்டு "நான் பொட்டியை விட்டுட்டுச் சன்னல் வழியாப் போறேன்"னு பரீது சொன்னா, "எட்டிப் பாத்துட்ட, எட்டிப் பாத்துட்ட"ன்னு மத்தவங்க மேசையைத் தட்டுவாங்க, கீழ என்ற தலை மேல மைதா கொட்டும், பரீது எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கித் தரோணும்.

மத்த ஊருகள்ல கதை நடத்துறவரு அடுத்து வர்றதை மறைச்சுத்தான் வெப்பாராம். வெள்ளிங்கிரியண்ணன் அப்படியில்லை. மீட்டர்ல என்ன ஓடுதோ அதை மறைக்காம எழுதிப் படிச்சுக் காட்டற கை அது, வர்ற வாரம் என்ன நடக்கும், அடுத்த மாசம் யாரு சாவா, எல்லாத்தையும் நோட்டுல நீல மையில எழுதி, முன்கூட்டியே சத்தமாப் படிச்சுருவாரு. "தெரியாம போயிக் குழியில உழுவறதுல என்ன இருக்குது? தெரிஞ்சும், தெரியாதவனா நடந்து போயி உழுவோணும், அதான் ஆட்டம்"பாரு. அப்படி நடக்கறதுல விசாலக்காவை அடிச்சுக்க ஆளில்லை. போஸ்டாபீசுல கவுண்டர்ல உக்காந்திருக்கற விசாலாட்சி, கல்யாணம் பண்ணிக்கலை, நாப்பத்தாறு வயசு, ஊருல யாருக்கு எங்கிருந்து என்ன கடுதாசி வருதுன்னு அத்தனையும் தெரிஞ்சும் மொகத்துல ஒரு சுளிப்புக் காட்டாதவங்க. மூணு வருசத்துல அவங்க ஒருக்காக்கூட எட்டிப் பாத்ததில்லை.

அந்த ஆவணி மாசம் மொத ஞாயித்துக்கெழமை வெள்ளிங்கிரியண்ணன் நோட்டைப் பிரிச்சு, "ஐப்பசி கடைசி ஞாயித்துக்கெழமை மாறக்காடன் சுமையோட ஆத்தைக் கடக்கையில, நடைபாலத்துல பலகை பேந்து, தண்ணியில போயிருவான்"னு படிச்சாரு. கூட ஆடற மாட்டு டாக்டர் கிட்டுசாமி உச்சுக்கொட்டினாரு. விசாலக்கா, "செரி"ன்னு மட்டும் சொல்லிட்டு, தாள்ல மாறக்காடனுக்குப் பயம் தண்ணி, தெரியாதது நீச்சல்னு எழுதியிருந்த எடத்துக்கு அடியில ஒரு கோடு போட்டாங்க. அடுத்த வியாழக்கெழமைதான் அவரு பஸ்ஸை விட்டு எறங்கினது.

கடைப் பையனை அனுப்பாம நானே போஸ்டாபீசுக்குப் போயிச் சொன்னேன். விசாலக்கா கவுண்டரைப் பூட்டாமக் கொள்ளாம வந்தாங்க, கடை வாசல்ல நின்னு அவரு டீயை ஆத்திக் குடிக்கறதைப் பாத்தாங்க. அவருக்கு அவங்களை அடையாளம் தெரியலை. தெரிய வழியில்லையே, ஆளுக்கு ஆடறவங்களைத் தெரியாது.

"வாங்க அம்முணி, உக்காருங்க"ன்னு பெஞ்சுல தள்ளி உக்காந்தாரு.

அக்கா உக்காந்தாங்க. அழுதாங்க. எதுக்கு அழுவறீங்கன்னு அவரு கேட்டதுக்கு, கண்ணுல மைதா உழுந்துருச்சுன்னாங்க.

எங்க செங்காட்டுப்புதூர்ல அதுக்கப்பறம் நடந்ததை அதிசயம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துல அவருக்குச் சந்தையில மூட்டை தூக்கற வேலை ஆச்சு, என்ற கடைக்குப் பின்னால மாவு மிசின் இருந்த ரூமு காலியாக் கெடந்துச்சு, அதுல தங்கிக்கிட்டாரு. ரேசன் கார்டு குடுக்கறதுக்கு வந்த அம்மா பொறந்த ஊரு என்னன்னு கேட்டுச்சு, விசாலக்கா எழுதுன மூணாவது வரிப்படி உப்பளத்துக்கு மேக்கன்னு சொன்னாரு, அந்தம்மா அப்படியே எழுதிக்கிச்சு. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, இந்த மனுசன் ஐப்பசி கடைசியில ஆத்துல போயிருவாருன்னு. ஊருக்கே இன்னொண்ணும் தெரிஞ்சுபோச்சு, அதை அவருகிட்டச் சொல்லக்கூடாதுன்னு. சொன்னா என்ன ஆகும்னு கேட்டவங்களுக்கு வெள்ளிங்கிரியண்ணன் ஒரே பதிலைத்தான் சொன்னாரு. "நமக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரிஞ்சா அவன் நாமளாயிருவான். அப்பறம் மாறக்காடன்னு தனியா ஒருத்தன் ஏது?"

இதெல்லாம் எங்க ஊருக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. தறி ஓட்டுற சென்னியப்பன் பொண்டாட்டி எங்க இருக்கான்னு சென்னியப்பனைத் தவிர எல்லாருக்கும் தெரியும், ஏழு வருசமா அவன்கிட்ட "ஊருக்குப் போன புள்ள எப்ப வருது?"ன்னு கேட்டுக்கிட்டிருக்கறவங்கதான நாங்க. ஒரே ஒரு ஞாயித்துக்கெழமையில ஊரு பூராவும் பழகிக்கிச்சு. பஞ்சாயத்து ஆபீசுல, ரேசன் கடையில, கொழாயடியில, யாராச்சும் வாய் தவறி "தீவாளிக்கு அப்பறம் நீங்க இருந்தா"ன்னு ஆரம்பிச்சா, பக்கத்துல இருக்கறவங்க எது கைக்கு ஆம்புடுதோ அதைத் தட்டுவாங்க, கொடத்தைத் தட்டுவாங்க, தராசைத் தட்டுவாங்க. மாறக்காடனும் அது இந்த ஊருப் பழக்கம்னு நெனச்சுக்கிட்டு, பேச்சுக்கு நடுவுல அப்பப்பத் தொடையைத் தட்டிக்குவாரு.

ஆனா அன்பு மட்டும் அடங்கலை. டெய்லர் அவரு சட்டைக்கு ரெண்டே நாள்ல பொத்தான் தெச்சுக் குடுத்தாரு, அந்தாளு என்ற மகன் கல்யாணச் சட்டையைத் தாலி கட்டுன பொறவு கொண்டாந்தவரு. கறிக்கடையில அவருக்கு நல்லி எலும்பு தனியா எடுத்து வெச்சாங்க. பொம்பளைங்க தூக்குப் போசியில பாயசம் கொண்டாந்தாங்க. புரட்டாசி வாக்குல அவருக்குத் தொப்பை வந்துருச்சு. ஒருநாள் பெஞ்சுல உக்காந்துட்டு அக்காகிட்டக் கேட்டாரு, "ஏனுங்க அம்முணி, இந்த ஊருல எல்லாரும் என்றகிட்ட இத்தனை நல்லாருக்காங்களே, எதுக்குங்க?"

"நல்லவங்க, அதான்."

"மத்தவங்ககிட்ட இருக்கறதைப் பாத்தா அப்படித் தெரியலீங்களே."

அக்கா சிரிச்சாங்க. நானும் கல்லாவுல குனிஞ்சு சிரிச்சேன். அவரு சிரிக்கலை, எங்க ரெண்டு பேரு மொகத்தையும் மாறி மாறிப் பாத்தாரு.

ஆட்டமும் மாடியில நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. மொத ரெண்டு வாரம் மேல அக்கா "மாறக்காடன் மரத்தடியில படுக்கறான்"னு சொன்னா கீழ அவரு கொட்டாவி விட்டுட்டுப் போயிப் படுப்பாரு. மூணாவது வாரம் மேல அக்கா படுக்க வெச்சாங்க, கீழ அவரு பாட்டுக்குப் பன்னைத் தின்னுட்டு, பரீதோட பாப்பாவுக்கு மாட்டுக் கழுத்துல மணி கட்டறது எப்படின்னு சொல்லிட்டிருந்தாரு. நான் டீ கொண்டுட்டுப் போயி அதைச் சொன்னேன். அக்கா பகடையை உருட்டாம மேசை மேல வெச்சுட்டாங்க. அவருக்கு யாரைப் புடிக்குது, என்னத்தை நெனைக்கறாரு, எதுக்குச் சிரிக்கறாருன்னு அன்னிக்கிலிருந்து அவங்களுக்கும் தெரியாம போச்சு.

ஊருக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு. சுள்ளியாத்துல தண்ணி கெடையாது. நாங்க பள்ளிக்கூடம் போன காலத்துல ஓடுனதோட சரி, அப்பறம் சாயத்தண்ணியும் சீமைக்கருவேலமும்தான். நடைபாலம் ஒண்ணு, தூணு மேல பலகை போட்டது, அதுக்கு மேல ஆடு போகும், நாலு பேரு குறுக்கு வழியா அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க. "கணுக்கால் தண்ணியில எவன் சாவான்? வெள்ளிங்கிரி நோட்டுல எழுதிட்டா ஆச்சா?"ன்னு ஆம்பளைங்க பேசிக்கிட்டாங்க. புரட்டாசி கடைசியில மேக்க மேகம் கட்டுச்சு. ஐப்பசி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்ச மழை நிக்கலை. அஞ்சாந்தேதி ஆத்துல தண்ணி வந்துச்சுன்னு பாக்கப் போனவங்க, பாத்துட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டாங்க.

அப்பத்தான் கிட்டுசாமி டாக்டர் அந்த ரோசனையைச் சொன்னாரு. "சாவைப் பத்திச் சொல்லக்கூடாதுன்னுதான ரூலு? நீச்சல் பழக்கக் கூடாதுன்னு இல்லியே. என்ற தோட்டத்துக் கெணத்துல முதுகுல பிளாஸ்டிக் கேனைக் கட்டி எறக்கி உட்டா, நாலு நாள்ல எருமைக்கன்னு கூட நீஞ்சும்."

வெள்ளிங்கிரியண்ணன் பப்ஸைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. "அவன் ஆத்துல போவான்னு உனக்குத் தெரியலைன்னா, நீ அவனுக்கு நீச்சல் பழக்குவியா?"

"மாட்டேன்."

"அப்ப எட்டிப் பாத்துட்ட."

அதுக்காக மூணு நாள் ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. தெரிஞ்சதை வாயால சொன்னாத்தான் தப்புன்னு ஒரு கட்சி, தெரிஞ்சதை வெச்சுக் கை காலை அசைச்சாலே தப்புன்னு ஒரு கட்சி. அப்படிப் பாத்தா பாயசம் குடுத்ததும் தப்புத்தானேன்னு டெய்லர் கேட்டாரு. கடைசியில ரூலை ஓரங்கட்டிட்டுக் கிட்டுசாமி அவரைக் கெணத்து மேட்டுக்குக் கூட்டிக்கிட்டே போயிட்டாரு. மாறக்காடன் படியில ஒரு காலை வெச்சாரு, தண்ணியைப் பாத்தாரு, வேர்த்துக் கொட்டி அங்கயே உக்காந்துட்டாரு. "எனக்கு எதுக்குங்க டாக்டர் இது? நான் பொழைக்கறது தரையில"ன்னாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அது நூத்துக்கு நூறு நாயமான பேச்சு. பயம் தண்ணின்னு எழுதுனது விசாலக்கா. அன்னிக்குப் பொழுதோட கடைக்கு வந்து, "இனிப்புப் புடிக்கும்னு எழுதுன கை, நீச்சல் தெரியும்னு எழுதியிருக்கப்படாதா நடராசு"ன்னு கேட்டாங்க.

ஐப்பசி கடைசி ஞாயித்துக்கெழமை விடிஞ்சப்ப ரோட்டுத் தரைப்பாலம் முழுகியிருந்துச்சு. நடைபாலம் மட்டும் தண்ணிக்கு ஒரு முழம் மேல தெரிஞ்சுது. அக்கரையில தறிக்குடோன்ல தங்கியிருந்த வடக்கத்திக் குடும்பங்க, பிள்ளை குட்டியோட முப்பது பேரு, பள்ளிக்கூடத்துல ஏறி நின்னுட்டிருக்காங்க, நேத்துக் காலையிலிருந்து பட்டினி, படகு வரோணும்னா நாளைக்கு ஆகும்னு ஹெட்மாஸ்டர் போன் பண்ணினாரு. நான் இருக்கற மாவையெல்லாம் போட்டுப் பன்னு சுட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த நாலு பேரும் வழக்கம்போல மாடிக்குப் போனாங்க. போகாம இருந்திருக்கலாமேன்னு இப்பச் சொல்றாங்க. மூணு வருசமா ஒரு ஞாயித்துக்கெழமை விட்டதில்லை, அன்னிக்கு விட்டா அதுவும் எட்டிப் பாத்த மாதிரிதானேன்னு வெள்ளிங்கிரியண்ணன் சொன்னாராம்.

மேல நடந்தது பரீது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன் நோட்டைப் பிரிச்சு, "மாறக்காடன் பாலத்துக்கு வந்துட்டான். என்ன பண்றான்?"னு கேட்டிருக்காரு.

"ஏறலை"ன்னாங்க விசாலக்கா.

யாரும் தட்டலை. பரீது கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டானாம். அண்ணன்தான் மெதுவா ஒருக்காத் தட்டிட்டு, "ஏன் ஏறலை? அவனுக்குத் தெரிஞ்சதுல இருந்து ஒரு காரணம் சொல்லு விசாலம். ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் ஒத்துக்கறேன். எனக்கு மட்டும் ஆசையா?"ன்னு கேட்டிருக்காரு.

அக்கா யோசிச்சிருக்காங்க. அவருக்கு என்ன தெரியும், இந்த எம்பது நாள்ல என்னத்தைக் கத்துக்கிட்டாரு, யாருக்கு வாக்குக் குடுத்திருக்காரு, ஒண்ணும் அவங்களுக்குத் தெரியலை. "இருங்க, அவரையே கேட்டுட்டு வந்தர்றேன்"னு எறங்கி ஓடியாந்தாங்க.

கீழ கடையில ஆறேழு எளவட்டம் நின்னுட்டிருந்தாங்க, பன்னு தட்டம் தட்டமா அடுக்கியிருந்துச்சு, அதைத் தூக்கிட்டு அந்தப் பாலத்துல நடக்க ஒருத்தனுக்கும் காலு வரலை. மாறக்காடன் தலையில சும்மாட்டைச் சுத்திட்டிருந்தாரு. நான் "நீங்க வேண்டாமுங்கண்ணா"ன்னு ரெண்டு தரம் சொல்லிட்டேன், காரணம் சொல்லலை, சொல்லக்கூடாதே.

விசாலக்கா வந்து அவரு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. மொத மொதலா எட்டிப் பாத்தாங்க. "போகாதீங்க. பலகை பேந்துரும். நீங்க செத்துப் போயிருவீங்க. எழுதியிருக்குது. ஊருக்கே தெரியும், நீங்க வந்த அன்னிக்கிருந்தே தெரியும், எனக்கு அதுக்கு முன்னாலயே தெரியும்."

பழக்கதோசம், எளவட்டம் ரெண்டு பேரு கண்ணாடிப் பொட்டியைத் தட்டிட்டாங்க. தட்டிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க.

மாறக்காடன் அவங்க மொகத்தையே பாத்தாரு. கோவப்படலை. எல்லாத்தையும் கேட்டுட்டு, நெதானமாச் சொன்னாரு, "அது உங்களுக்குத் தெரிஞ்சதுங்க அம்முணி. எனக்குத் தெரிஞ்சது, அக்கரையில கொழந்தைங்க பசியோட இருக்குது, சுமை தூக்க எனக்கு வரும். இவ்வளவுதானுங்க."

"பயமா இல்லையா?"

"இருக்குதுங்க. தண்ணியாச்சுங்களே."

அக்கா அந்தக் கையை விட்டுட்டு, நோட்டுல அந்த வரியைக் கிழிச்சே தீருவேன்னு மாடிக்கு ஓடினாங்க. அவங்க படியேறிட்டிருக்கற அந்த ஒரு நிமிசத்துலதான், நானும் இன்னொருத்தனும் நாலு தட்டத்தையும் பிளாஸ்டிக் காயிதம் போட்டுக் கட்டி அவரு தலையில ஏத்தினோம். ஏத்திட்டு நான் சொன்னேன், "தட்டத்தை மறக்காம இன்னிக்கே கொண்டாந்துருங்கண்ணா, நாளைக்குக் காலையில சரக்குப் போடோணும்." கல்யாணத்துக்குக் கொண்டுட்டுப் போறவன்கிட்டயும் எழவு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போறவன்கிட்டயும் முப்பது வருசமா நான் சொல்ற வார்த்தை அது. வாய் பாட்டுக்குச் சொல்லிருச்சு. எம்பது நாளா ராத்திரி பகலா மனசுல கெடந்த விசயம் அந்த ஒரு நொடி சுத்தமா என்ற தலையில இல்லை.

"ஆகட்டுங்க"ன்னுட்டு மழையில எறங்கினாரு.

ஊரே ஆத்து மேட்டுல நின்னு பாத்துச்சு. விசாலக்கா கிழிச்ச தாளைக் கையில கசக்கிக்கிட்டு எல்லாருக்கும் முன்னால, தண்ணி ஓரத்துல நின்னாங்க. மாறக்காடன் பலகைக்கு ஒரு எட்டு வெச்சாரு. நடுத்தூணுகிட்ட ஒரு பலகை ஆடுச்சு, நின்னாரு, தாண்டுனாரு. அக்கரையில ஏறிட்டாரு! நாங்க போட்ட சத்தத்துல காக்காயெல்லாம் பறந்துச்சு. வெள்ளிங்கிரியண்ணன் சேத்துல உக்காந்து மொகத்தை மூடிட்டு அழுதாரு, "தப்பா எழுதிட்டேன், தப்பா எழுதிட்டேன்"னு அத்தனை சந்தோசமா அழுத ஒரு மனுசனை நான் பாத்ததில்லை. அக்கா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டுனாங்க. அக்கரையில அவரும் ஒரு கையைத் தூக்கி ஆட்டுனாரு. பன்னைச் சுத்திக் கொழந்தைங்க மொய்க்கறது இங்கிருந்து தெரிஞ்சுது.

கிட்டுசாமிதான் ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டாரு, மழையில கேக்கலைன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு. "சார், அந்தாளை அங்கயே புடிச்சு வைங்க. தண்ணி வடியற வரைக்கும் விடாதீங்க."

"நானும் சொன்னனுங்க, இருந்து காலையில போங்கன்னு"ன்னாரு ஹெட்மாஸ்டர். "கேக்கலீங்களே. கடைக்காரரு தட்டம் இன்னிக்கே வேணும்னு சொல்லி உட்டாருன்னு, கழுவி அடுக்கித் தூக்கிட்டுக் கெளம்பிட்டாருங்களே."

சுத்தி நின்ன பத்திருவது பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் ஆத்தைப் பாத்தேன். அவரு பாலத்துல பாதி வந்துட்டாரு. கத்துனோம், தண்ணி சத்தத்துல ஒண்ணும் எடுபடலை. விசாலக்கா தண்ணி ஓரத்துல நின்னு இன்னும் கையை ஆட்டிட்டிருந்தாங்க, இப்ப வராதீங்கன்னு ஆட்டுனாங்க, ஆனா தூரத்துலிருந்து பாக்கறவங்களுக்கு வாங்கறதும் வராதீங்கறதும் ஒண்ணுதான். ஆடுன பலகை அந்தத் தடவை பேந்துருச்சு. அவரு கத்துனாரான்னு தெரியலை. தட்டம் நாலும் மெதந்துச்சு, அவரு மெதக்கலை.

மூணு நாள் தேடுனாங்க. அப்பறம் வெள்ளிங்கிரியண்ணன் முன்ன நின்னு மாறக்காடன் பேருல ஒரு சின்னக் காரியம் பண்ணினாரு, ரேசன் கார்டை அந்தம்மா வந்து வாங்கிட்டுப் போச்சு. ஆட்டம் மறுபடி நடக்குது, இப்ப நோட்டைப் படிச்சுக் காட்டறதில்லை. விசாலக்கா மாடிக்குப் போறதில்லை, ஞாயித்துக்கெழமை மத்தியானம் அதே பெஞ்சுல வந்து உக்காருவாங்க. நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு ஊருல எல்லாருக்கும் தெரியும், கொழாயடியில தெரியும், தறிக்காரங்களுக்குத் தெரியும், அக்கரையில பசங்களுக்குக்கூடத் தெரியும். ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருத்தரும் அக்காகிட்டச் சொன்னதுமில்லை.

போன ஞாயித்துக்கெழமையும் வந்தாங்க. டீயைக் கையில வாங்கிக்கிட்டு, கடை நெறைய ஆளு இருக்கறதைக்கூடப் பாக்காம, என்ற மொகத்தைப் பாத்துக் கேட்டாங்க.

"நடராசு, அவரு தண்ணிக்கு அத்தனை பயந்தவரு. அக்கரையில எடம் இருந்துச்சு, படுத்திருக்கலாம். நான் கையை ஆட்டுனதைக் கூப்படறேன்னு நெனச்சுட்டாரு. அதான வந்தாரு? இல்லீன்னா எதுக்கு வாராரு, நீயே சொல்லு. நான்தான கொன்னேன்?"

பெஞ்சுல இருந்த எட்டுப் பேரும் டீ கிளாஸைக் குனிஞ்சு பாத்துக்கிட்டாங்க. நானும் பாலை ஆத்துற மாதிரித் திரும்பிக்கிட்டேன்.

"எனக்கெப்படிங்கக்கா தெரியும்?"னு சொன்னேன்.